திரமென்ஹீர்: நிலமும் மனையும் கல்வியும் கேட்ட கலெக்டர்

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சமுதாயத்தின் விடிவுக்கு உழைத்த பெருமக்களை நினைவுகூர்வது நம் கடமையாகும். அண்ணல் அம்பேத்கரையும், நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளம் என்னும் சிற்றூரில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனாரையும், எம்.சி. ராஜாவையும் அறியாத இல்லம் நம்மிடையே இல்லை. ஆயின் நாம் இங்கே எழுதப் புகுந்தது வேறொருவரைப் பற்றி. அவர் நம் குலத்தினர் அல்லர். நம் நாட்டினரும் அல்லர். நம்மை ஆண்ட அந்நிய அரசின் ஊழியர். எனினும் பஞ்சமி நிலம் என்னும் சொல் எங்கெல்லாம் ஒலிக்கிறதோ அங்கெல்லாம் அவர் பெயரும் உடன் ஒலிக்கிறது. அவரே ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர்.

அவரைத் தெய்வமாக்கி வணங்கும் நோக்கத்தோடு நாம் இதனை எழுதவில்லை. அவர் நமக்காகக் கேட்டவை எவை, அவற்றுள் கிடைத்தவை எவை, கிடைத்தவையும் நம் கையை விட்டுப் போனது எவ்வாறு என்பதை நம் இளைஞர்கள் தெளிவாக அறிதல் வேண்டும் என்பதே நம் நோக்கம்.

ஜாகீரும் மிராசும்

அவர் வரலாற்றைப் புரிந்துகொள்ள நம் மண்ணின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வாலாஜாபாத்தின் பெயரே ஒரு நவாபின் பட்டப் பெயராகும். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, தம் போர்ச் செலவுகளுக்காகக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் கடன்பட்டவர். அவர் 1763ஆம் ஆண்டில் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். கும்பினியின் படைவீடு வாலாஜாபாத்தில் அமைந்திருந்த காலமும் உண்டு.

ஜாகீரை ஆளவந்த ஆங்கிலேயர் இங்கே ஒரு பழைய ஏற்பாட்டைக் கண்டனர். அதுவே மிராசு அல்லது காணியாட்சி. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சில குடும்பத்தினர், பங்கு பங்காக, நிலத்துக்கு மட்டுமன்றித் தரிசுக்கும் ஏரிப் பாய்ச்சலுக்கும் மனைக்கும் உரியவர்களாக இருந்தனர். அவர்களே மிராசுதாரர். வேளாளரும் பார்ப்பனரும் பிறருமாகிய மேற்சாதியினரே பெரும்பாலும் அந்நிலையில் இருந்தனர். சேரியில் வாழ்ந்த நம் முன்னோரோ அந்நிலத்தை உழுதனர், நட்டனர், அறுத்தனர், போரடித்தனர். களத்தில் அளந்து போட்ட தானியமே அவர்களுக்குக் கூலி. உழுத மண்ணிலும் குடியிருந்த குடிசையின் மண்ணிலும் அவர்களுக்கு உரிமை இல்லை.

நிலப்பிரபுத்துவம் என்றவுடன் ஜமீன்தார்களையே நாம் நினைக்கிறோம். நம் பகுதியில் ஜமீன்களைவிட வலுவாக வேரூன்றியது மிராசேயாகும். ஜமீன்தார் எங்கோ ஒரு மாளிகையில் வாழ்ந்தவர். மிராசுதாரரோ அதே ஊரில், அதே தெருவில், சேரியின் அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வாழ்ந்தவர். இந்த வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னாளில் ஜமீன் ஒழிந்தபோதும் நம் சேரியில் பெரிய மாறுதல் ஏற்படாமைக்கு இதுவே காரணமாயிற்று.

கலெக்டரும் அவரது குறிப்பும்

திரமென்ஹீர் 1853ஆம் ஆண்டில் பிறந்தவர். அவரது குடும்பப் பெயர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வால் பகுதிக்கு உரியது. இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த அவர், 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டையில் இருந்தது. சென்னைப் பட்டணத்தைச் சூழ்ந்து, வடக்கே பொன்னேரி முதல் தெற்கே மதுராந்தகம் வரை பரந்திருந்தது அந்த ஜில்லா. அதன் மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நம்மவர். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் வடு அப்போது ஆறியிருக்கவில்லை.

கலெக்டராக இருந்தோர் பலர் வரி வசூலையும் ஏரிக் கரையையும் பார்த்தனர், சேரியைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அது இந்துக்களின் வழக்கம் என்று ஒதுங்கிச் சென்றனர். திரமென்ஹீர் அவ்வாறு ஒதுங்கவில்லை. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் பறையர்களைப் பற்றி விரிவான குறிப்பு ஒன்றை எழுதி அரசுக்கு அனுப்பினார். நம் மக்களின் குடிசை, உணவு, உடை, கூலி, கடன் ஆகியவை அதில் விளக்கப்பட்டன. ஓர் அரசு அதிகாரியின் கையால் நம் முன்னோரின் வாழ்க்கை அத்துணை விரிவாக எழுதப்பட்டது அரிதினும் அரிதாகும்.

அவர் தாமாகவே விழித்தெழுந்து எழுதினார் என்று கொள்வதும் பிழையாகும். நம் மக்களே நிலம் வேண்டி விண்ணப்பித்துக் கொண்டிருந்தனர். செங்கற்பட்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆதம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார் நம் மக்களின் நிலையை வெளியிட்டு எழுதியும், அவர்கள் விண்ணப்பங்களுக்குத் துணைநின்றும் வந்தனர். அதே 1891ஆம் ஆண்டில்தான் இரட்டைமலை சீனிவாசனார் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில் நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் சார்பில் மாநாடு கூட்டி, ஏழை மக்களுக்குத் தரிசு நிலம் வேண்டுமென்னும் கோரிக்கையையும் முன்வைத்தார். சேரியிலிருந்து எழுந்த குரல் கச்சேரியில் ஒருவர் செவியில் விழுந்தது என்பதே உண்மை.

அவர் கேட்ட நான்கு

அவரது குறிப்பின் சாரத்தை நான்காகத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, நிலம். அரசுத் தரிசை ஒருவர் பெறவேண்டுமாயின் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் போடவேண்டும். விதிகளோ மிராசுதாரருக்கும் ஏற்கெனவே நிலம் உள்ளவருக்கும் முன்னுரிமை அளித்தன. சேரியான் ஒருவன் தரிசுக்கு மனுச் செய்தால், அச்செய்தி முதலில் மிராசுதாரருக்குப் போகும், அவர் அந்நிலம் தமக்கு வேண்டுமென்பார், மனு தள்ளுபடியாகும். நிலம் தரிசாகவே கிடந்தாலும் கிடக்கலாம். சேரியான் கைக்குப் போகலாகாது. ஏனெனில் சொந்த நிலம் பெற்றவன் நாளை தம் வயலுக்குக் கூலியாளாக வரமாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இவ்விதிகளை மாற்றித் தரிசில் நம்மவருக்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்று திரமென்ஹீர் கேட்டார்.

இரண்டாவது, மனை. சேரி நத்தமும் தமக்கே உரியது என்று மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். கூலி உயர்த்திக் கேட்டவனையும், வேறிடம் வேலைக்குப் போனவனையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவனையும் குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிரட்ட அவர்களால் முடிந்தது. குடியிருக்கும் மனை அவனவனுக்கே உரிமையாதல் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

மூன்றாவது, படியாள் ஒப்பந்தம். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. 1862ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. அதனால் அடிமை முறை ஒழிந்தது என்று அரசு மகிழ்ந்திருந்தது. சேரியிலோ அது கடன் சீட்டாக உருமாறி வாழ்ந்தது. திருமணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்காக ஒருவன் படியாளாகிறான். அக்கடன் தீராமலே அவன் மாள்கிறான். மகன் அக்கடனைத் தலையில் சுமக்கிறான். இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாவென்று சட்டம் செய்யவேண்டும் என்றார் திரமென்ஹீர்.

நான்காவது, கல்வி. பொதுப்பள்ளியின் கதவு நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. ஆகவே தனிப் பள்ளிகளும் சலுகைகளும் வேண்டுமென்று கேட்டார்.

இந்நான்கும் தனித்தனிக் கோரிக்கைகள் போலத் தோன்றலாம். உற்றுநோக்கின் நான்கும் ஒன்றே. மனை இல்லாதவன் கூலி கேட்க அஞ்சுவான். கடன்பட்டவன் நிலத்துக்கு மனுச் செய்ய அஞ்சுவான். எழுத்தறியாதவன் தான் கைநாட்டு வைத்த சீட்டில் எழுதியிருப்பது யாதென அறியான். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றவை அதனைத் தின்றுவிடும்.

கிடைத்ததும் கிடைக்காததும்

அரசின் வருவாய் வாரியம் அக்குறிப்பை மகிழ்ந்து வரவேற்கவில்லை. கலெக்டர் மிகைப்படுத்தி எழுதிவிட்டார் என்றும், நாடு முன்னேற முன்னேற இவர்களின் நிலையும் தானே உயரும் என்றும், பர்மா, இலங்கை, நேட்டால் முதலிய நாடுகளுக்குக் கூலிகளாகச் செல்லும் வழி திறந்தே இருக்கிறதென்றும் கருதுவோர் அங்கு இருந்தனர். மிராசுதாரரும் எதிர்த்தனர். ஆங்கில அரசுக்கு நிலவரி தருவோர் அவர்களே. அவர்களைப் பகைத்துக்கொள்ள அரசு விரும்பவில்லை. படியாள் ஒப்பந்தத்தை ஒழிக்கும் சட்டம் அப்போது பிறக்கவில்லை.

எனினும் அக்குறிப்பு முற்றிலும் வீண்போகவில்லை. 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணையைப் பிறப்பித்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் முறைக்கு அது தோற்றுவாயாயிற்று. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரி முதல் நாள், கல்வித்துறையின் 68ஆம் எண் ஆணை வெளிவந்தது. தனிப் பள்ளிகள், கூடுதல் மானியம், நம் இனத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி உதவி ஆகியவற்றுக்கு வழிசெய்த அவ்வாணையைப் பஞ்சமர் கல்வியின் மகா சாசனம் என்று பின்வந்தோர் புகழ்ந்தனர்.

நிலம் ஒதுக்கும் முறைக்குப் பின்னாளில் வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் பாதுகாப்பு அளித்தன. அவற்றின்படி, பெற்றவர் 10 ஆண்டுகள் வரை அந்நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட இனத்தவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அக்கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இவ்வாறு நிபந்தனையோடு வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள், பத்திரங்களில் டி.சி. நிலம் என்றும் குறிக்கப்படுவன. மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நம் இயக்கத்தார் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர்.

திரமென்ஹீர் 1912ஆம் ஆண்டில் மறைந்தார். செங்கற்பட்டுப் பறையர் பற்றிய அச்சிறு குறிப்பே அவர் பெயரை இன்றளவும் நம்மிடையே வாழவைத்துள்ளது.

கைக்கு வந்த நிலம் போன வழி

கைக்கு வந்த நிலம் இன்று எங்கே? இவ்வினாவைக் கேட்காமல் அவர் வரலாற்றை முடித்தல் முறையன்று.

நம் முதியோர் சொல்லக் கேட்டவர்கள் அறிவர். பட்டா கிடைத்தது, ஏர் இல்லை. ஏரைக் கடன் வாங்கினால் மாடு இல்லை. கிடைத்ததோ கரம்பும் கல்லாங்குத்தும். ஏரி நீர் மேல்மடைக்காரர் தயவில் பாய்ந்தது. மகள் திருமணத்துக்கும் பஞ்ச காலத்து நெல்லுக்கும் கைமாற்று வாங்கியவன், நிலத்தை அனுபவிக்குமாறு கடன் கொடுத்தவரிடம் விட்டான். பட்டா ஒருவர் பெயரிலும் பயிர் மற்றொருவர் பெயரிலும் நின்றன. கணக்கு எழுதும் கர்ணம் பரம்பரைப் பதவியினர். நம்மவர் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை. 1980ஆம் ஆண்டில் பரம்பரைக் கிராம அதிகாரப் பதவிகள் ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் போது, பல பஞ்சமி நிலங்கள் பிறர் பெயரில் ஏறிவிட்டன என்பதும் நம் மக்களின் நெடுநாள் முறையீடாகும்.

சட்டம் விற்கக்கூடாதென்றது, கைநாட்டு விற்றுவிட்டது. நிபந்தனை இருப்பதே தெரியாதவனுக்கு அந்நிபந்தனை எவ்வாறு காவலாகும்?

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபின் நிலச் சட்டங்கள் பல வந்தன. சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன் முறையை ஒழித்து ரயத்துவாரி முறையாக்கியது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்த அத்தகைய சட்டங்களை நிலக்கிழார்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தபோது, 1951ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டு, ஒன்பதாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. ஆனால் நம் பகுதி மிராசுதாரர் ஏற்கெனவே ரயத்துவாரிப் பட்டாதாரராகி விட்டிருந்தனர். ஆகவே ஜமீன் ஒழிப்பு அவர்கள் பட்டா நிலத்தைத் தொடவில்லை.

1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1961இல் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தன. 30 தரநிலை ஏக்கராக இருந்த உச்சவரம்பு 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. குத்தகைச் சீட்டு இல்லாத கூலியாளுக்கு முதற்சட்டத்தால் பயனில்லை. இரண்டாவதிலோ விதிவிலக்குகளும் பினாமிப் பெயர்களும் மலிந்தன. கூலி உயர்வு கேட்டதன் விளைவாக, 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்த்தஞ்சைக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் தீக்கிரையான கொடுமையை நாடு மறக்கவில்லை.

இவற்றிடையே நாம் கவனிக்கவேண்டிய சட்டங்கள் இரண்டு. 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைகளின் உரிமையை அதில் வாழ்வோர்க்கே வழங்கும் சட்டம் பிறந்தது. 1976ஆம் ஆண்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடெங்கும் வந்தது. மனையுரிமையும் கடனடிமை ஒழிப்பும் 1891இலேயே நம் ஜில்லாக் கலெக்டர் கேட்டவை அல்லவா? முறையே 80 ஆண்டுகளும் 85 ஆண்டுகளும் கழிந்த பின்னரே அவை சட்டமாயின. இடையே எத்தனை தலைமுறைகள் மண்ணோடு மண்ணாயின என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

நிலத்துக்கான போராட்டமோ இன்னும் முடியவில்லை. செங்கற்பட்டு மாவட்டக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் எழுந்தனர். அதனையொட்டி 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நம் இளைஞர் இருவர் உயிர் நீத்தனர். ஆணை பிறந்து 102 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதனைச் செயல்படுத்தக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது அது.

நம் இளைஞர்க்கு

நம் ஊரிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்குள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையைக் கூறுகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அக்கல்வெட்டு வேறொன்றையும் கூறுகிறது. ஊராளும் வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுவதற்குத் தகுதிகள் யாவை? வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாக வேண்டும். அக்காலத்து மறைநூற் கல்வியும் வேண்டும். அது பார்ப்பனர் சபை. நம் முன்னோர்க்கு அங்கே இடமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். நிலம், மனை, கல்வி ஆகிய மூன்றும் உடையவனே ஊரை ஆளத் தகுந்தவன் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர். அந்த மூன்றையுமே நமக்கு மறுத்தனர். திரமென்ஹீர் நமக்காகக் கேட்டவற்றுள்ளும் அம்மூன்றும் உள்ளன.

இன்று வாக்குரிமை நம்மிடம் உண்டு. ஊராட்சி மன்றத்தில் இடமும் உண்டு. கல்விக்கு நம் சங்கம் 25 ஆண்டுகளாக இயன்றதைச் செய்து வந்துள்ளது. இனி அக்கல்வியை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி. நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். அதில் மடித்து வைத்த பழைய பட்டா இருக்குமாயின் அதிலுள்ள நிபந்தனையைப் படித்து வீட்டாருக்கு விளக்குதல் வேண்டும். கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, எந்தச் சர்வே எண் யாருக்கு வழங்கப்பட்டது, இன்று யார் பெயரில் உள்ளது என்று அறிதல் வேண்டும். கேட்டுப் பெறுவதற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இது கலவரம் செய்யும் வழியன்று; கணக்குக் கேட்கும் வழி.

அந்நிய நாட்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி நம் சேரிக்குள் வந்து பார்த்தார். பார்த்ததை மறைக்காமல் எழுதினார். தாம் சார்ந்த அரசு விரும்பாது என்று அறிந்தும் எழுதினார். அந்த நேர்மைக்காக அவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயின் அவர் எழுதிய காகிதம் நம் நிலத்தைக் காக்கவில்லை. காகிதத்தைப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளே அதனைக் காக்க இயலும். அவர் கேட்ட நிலமும் மனையும் கல்வியும் நம் கையில் ஒருங்கே நிலைக்கும் நாள்வரை ஓயாது உழைப்போம் என்று இவ்வெள்ளி விழா நாளில் உறுதி ஏற்போமாக.